ங்

மங்கலம் ரோட்டு நிட்டிங் கொட்டகையில்
பதினாலு மிஷின்.
நூல் அறுந்தால் ஒவ்வொன்றும் ஒரு சேதியை எறியும்.
எறியும் என்றுதான் சொல்ல வேண்டும்.
கையில் கொடுப்பதில்லை,
வாங்கினாயா என்று நின்று பார்ப்பதில்லை,
எறிந்த கையோடு அடுத்த வேலைக்குப் போய்விடும்.

சேர வேண்டிய இடம் பீளமேடு.
நாற்பத்தைந்து கிலோமீட்டர் தள்ளி
ஒரு மாடி ஆபீஸில் விழித்திருக்கும் இன்னொரு நிரல்.
காத்திருப்பதே அதற்கு வேலை.
வந்தால் எழும், எண்ணும், பதியும்,
மறுபடி காத்திருக்கும்.

இரண்டையும் எழுதியவள் நான்.
இன்னார் இன்னார் என்று பெயர் சொல்லி
அறிமுகம் செய்துவைத்தவளும் நான்.

ஆடிக் காற்றில் ஒரு ராத்திரி
பீளமேட்டில் கரண்ட் போய் வந்தது.
கம்ப்யூட்டர் எழுந்தது, நிரல் எழவில்லை.
பதினோரு நாள்
அந்தப் பெயரில் அங்கே யாருமில்லை.
யாருமில்லாத பெயருக்கு எறிந்த சேதி
திரும்பி வராது, புகார் சொல்லாது,
விழுந்த சத்தம்கூடக் கேட்காது.
நாலாயிரத்து நூற்றுப் பன்னிரண்டு அறுந்த நூல்.
எண்ண ஆளில்லாத இடத்தில் கணக்கு பூஜ்யம்.
பூஜ்யம் என்றால் திரையில் பச்சை.

வெள்ளியங்கிரி அண்ணனுக்கு ஏக சந்தோஷம்.
"பதினோரு நாளா ஒரு நூலுங்கூட அறுகலையாட்ட இருக்குதுங்."

தினமும் கேட்கிற அந்த ங்
அன்றைக்குத்தான் எனக்கு உறைத்தது.
சரிங். வந்தனுங். கரண்டு வந்துருச்சுங்ளா.
ஒரு சொல்லையும் தொடங்கத் தெரியாத எழுத்து.
நீ சொன்னது வந்து சேர்ந்தது என்பதற்கு
இதைவிடச் சின்னதாக
எங்கள் பக்கம் ஒன்றுமில்லை.

அன்றிரவே எழுதினேன்:
சேதி கிடைத்தால் பதிலுக்கு ஒரு ங் அனுப்பு.
ங் வராவிட்டால் மறுபடி எறி.

சேதி போய்ச் சேர்ந்து
ங் மட்டும் வழியில் தொலைந்தால்?
மிஷின் மறுபடி எறிந்தது.
அறுந்தது ஒரு தடவை, எண்ணியது இரண்டு.
ஆளுக்கொரு எண் ஒட்டி அனுப்பினேன்.
அப்புறம், முடிந்தாயிற்று என்ற சேதி
அறுந்தது என்ற சேதியை முந்திக்கொண்டு வந்தது.
பீளமேட்டுக் கணக்குப்படி ஏழாம் நம்பர் மிஷினில்
அறுவதற்கு முன்பே முடிச்சு விழுந்திருந்தது.
முந்தினது வரும்வரை
பிந்தினது வாசலில் நிற்கட்டும் என்று
அதற்கும் ஒரு வரி.

ஒரு செவ்வாய்க்கிழமை நாலு மணி நேரம் லைனே இல்லை.
ங் வராத சேதியெல்லாம் வரிசையில் தேங்கி,
லைன் வந்ததும் ஒட்டுக்காப் பாய்ந்தது.
விடியக் கருக்கலில் அண்ணனின் போன் கத்தியது.
லுங்கியோடு பைக்கில் வந்து இறங்கினார்.
பதினாலு மிஷினும் ஓடிக்கொண்டிருந்தன.
திபாகர் டீ குடித்துக்கொண்டிருந்தான்.

"அத்தன நூலும் அறுந்துபோச்சாமா?"
"அது ராத்திரி அறுந்ததுங்.
லைட்டு எரிஞ்சுதுங், முடிஞ்சனுங்."
பலாங்கிரிலிருந்து வந்து மூன்று வருஷம்.
தமிழில் அவன் முதலில் பிடித்துக்கொண்டதே
அந்த ங்தான் என்பார்கள்.

ஒரு சேதி எவ்வளவு நேரத்துக்குச் சேதி?
திபாகர் பக்கத்தில் நின்று பார்த்தேன்.
சிவப்பு விளக்கு எரிந்து, அவன் நடந்து வந்து,
நூலைத் தேடி எடுத்து முடிய
எழுபது நொடி.
தொண்ணூறு என்று போட்டேன்.
அதைத் தாண்டி வருவது கணக்கில் ஏறும்,
யாரையும் எழுப்பாது.

அண்ணனிடம் விளக்கினேன்.
மேலே ஓடுகிற நூலையே பார்த்துக்கொண்டிருந்தவர்
"சரி" என்றார்.

வெறும் சரி.

ஒரு நிமிஷம் பார்த்தேன்.
முதலிலிருந்து மறுபடி சொன்னேன்.